பின்னால் வருபவரைத் திரும்பிப் பாருங்கள்
ரிவர்ஸ்டன் மலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

போயா விடுமுறை சனி, ஞாயிறோடு சேர்ந்து வந்துவிட்டால் எங்கள் மாத்தளை விடியுமுன்னே விழித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் இரவு புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஏ9 வீதியிலேயே தம்புள்ளையும் நாவுலவும் தாண்டி வரும் வான்கள் ஒருபுறம். கொழும்பிலிருந்து கண்டி வழியாக வருபவை மறுபுறம். முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் தேநீருக்கு நிற்கிறீர்கள். பிறகு ரத்தோட்டைப் பக்கம் திரும்பி, வளைவு வளைவாக ஏறி, ரிவர்ஸ்டன் காற்றுக்குள் போய்விடுகிறீர்கள். அந்த வான்களில் வரும் உங்களுக்குத்தான் இந்த மடல்.

குப்பை போடாதே, தீ மூட்டாதே என்பதையெல்லாம் அறிவிப்புப் பலகைகள் சொல்லிவிடுகின்றன. பலகையில் எழுத முடியாத ஒன்றைப் பற்றி நான் எழுத வேண்டும். மலை ஏறும்போது உங்கள் ஒவ்வொருவரிடமும் தலைகாட்டும் சின்னச் சின்ன விநோதப் பழக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி. கூட்டத்தில் யாராவது ஒருவர் அவற்றைக் கைப்பேசியில் பிடித்துவிடுகிறார். இறங்கி வருவதற்குள் அது நண்பர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்து, சிரிப்பாகிவிடுகிறது. அடுத்த முறை அந்தப் பிள்ளை தன் பழக்கத்தை அடக்கிக்கொண்டு, எல்லோரையும் போலவே நடக்கப் பார்க்கிறது. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. மலையில் அந்தப் பழக்கங்களுக்கு ஒரு வேலை உண்டு. அவற்றைச் சிரித்துக் கலைத்துவிட்டால் இழப்பு உங்கள் கூட்டம் முழுவதற்கும்தான்.

முதலில், நீங்கள் செய்வதையெல்லாம் நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அன்போடுதான் பார்க்கிறோம்.

படி இல்லாத பாதையிலும் காலடியை எண்ணிக்கொண்டே ஏறும் தம்பி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பி, முகம் சிறுத்துப்போகும். வழியில் கிடக்கும் குச்சி ஒன்றைப் பொறுக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்து, இறங்கும்வரை கைவிடாமல் ஊன்றி வரும் தங்கை இருக்கிறார். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் வேலியைக் கையால் தொட்டால்தான் ஏறியது கணக்கு என்று நினைப்பவர் இருக்கிறார். பனிமூட்டத்தில் பத்தடி தூரம்கூடத் தெரியாவிட்டாலும் அவர் போய்த் தொட்டுவிட்டுத்தான் வருவார். நண்பகலுக்குக் கட்டிய சோற்றுப் பார்சலைக் காலை எட்டு மணிக்கே பிரித்துவிடும் ஒருவர், ஒரே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மலை ஏறுவேன் என்னும் ஒருவர், பெரிய மரம் எதிர்ப்பட்டால் உள்ளங்கையை வைத்து "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் ஒருவர். எல்லோரையும் தெரியும்.

அட்டைக்குப் பயந்தவர்களின் பழக்கங்கள் தனி ரகம். காற்சட்டையைக் காலுறைக்குள் திணித்து, அதன்மேல் சவர்க்காரம் தேய்த்து, போதாதற்குச் சித்தாலேபவும் பூசி, பத்தடிக்கு ஒருதரம் குனிந்து பார்ப்பார்கள். அதைக் கண்டு சிரிக்காதீர்கள். அட்டை நிலத்தின் அதிர்வையும் உடம்பின் சூட்டையும் மூச்சுக் காற்றையும் உணர்ந்துதான் ஆளைத் தேடி வருகிறது. முன்னால் போகிறவரின் காலடி அதை எழுப்பிவிட, பின்னால் வருகிறவரின் காலில் ஏறிக்கொள்ளும். குனிந்து குனிந்து பார்க்கும் அந்தப் பிள்ளைதான் உங்கள் காலில் ஊர்வதையும் முதலில் கண்டு சொல்லும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், நகத்தை ஓரத்தில் வைத்து மெதுவாக நகர்த்தி எடுக்கவும் அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு பழக்கத்தை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். சிலர் அடிக்கடி நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவார்கள். அவிழாத கயிற்றைத்தான். அல்லது திடீரென்று ஒரு பூவின் அருகே நின்று நிறையப் படம் எடுப்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று சொல்லக் கூச்சம். அதனால் கயிறும் பூவும் துணைக்கு வருகின்றன. மேலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறவரும் அப்படித்தான். தூரத்தை அறிந்துகொள்ளவா கேட்கிறார்? இன்னும் கொஞ்சம் முடியும் என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறார். எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு தூரம் இருந்தாலும் "கிட்டத்தான் தம்பி" என்றே பதில் சொல்வதும் அதை அறிந்துதான்.

உங்களிடம் நான் சொல்ல வந்த செய்தி இங்கேதான் இருக்கிறது. மலையில் ஒருவருடைய பழக்கம், அவருடைய உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கொண்டு நடப்பவருக்குக் காலடியும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. ஓட்டப்பந்தய வீரர்கள் பயிற்சி எடுத்துப் பெறுவதை அவர் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ஏறுகிறவருக்கு இன்னும் மூச்சு மிச்சமிருக்கிறது. உடற்பயிற்சி வல்லுநர்கள் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. நான்கு வார்த்தை சேர்த்துப் பேசவே நின்று மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் உழைப்பு கடுமையாகிவிட்டது. ஆகவே, வழிமுழுக்க இளையராஜா பாட்டை முணுமுணுத்து வந்தவர் சட்டென்று அமைதியாகிவிட்டால், அந்த அமைதிதான் முதல் தகவல். நின்று திரும்பிப் பாருங்கள். ஓயாமல் பகடி விடுகிறவர் பேச்சை நிறுத்தினாலும் அப்படித்தான். எண்ணுகிறவர் எண்ணிக்கையைத் தவறவிட்டுக் கவலைப்படாமல் நடந்தாலும், குச்சித் தங்கை தன் குச்சியை எங்கோ வைத்துவிட்டு அதைத் தேடாமல் வந்தாலும், ஏதோ சரியில்லை. வெயிலில் உடம்பு சூடேறினாலும், மழையில் நனைந்து குளிர் எலும்புக்குள் இறங்கினாலும், மனிதரின் இயல்பு மாறுவது ஆபத்தின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று.

ரிவர்ஸ்டனில் இது சும்மா சொல்லும் பேச்சல்ல. ஆளைத் தள்ளும் காற்று. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் மூடிவிடும் பனி. பிட்டவல பத்தனவின் புல்வெளி திடீரென முடிந்து செங்குத்தான பள்ளமாகிறது. சின்ன உலக முடிவு என்று நீங்கள் படம் எடுக்கும் இடம் அது. அங்கே முகம் தெரியாத மூட்டத்தில் ஒருவரை ஒருவர் எப்படி அறிவீர்கள்? குச்சி தட்டும் ஓசையால், முணுமுணுப்பால், எண்ணும் குரலால்தான் அறிவீர்கள். இவற்றையெல்லாம் கேலி செய்து அடக்கிவிட்ட கூட்டத்துக்கு மூட்டத்தில் அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. கேலிக்குப் பயந்த பிள்ளை மூச்சு வாங்குவதை மறைக்கும், கால் பிசகியதை மறைக்கும், பயத்தையும் மறைக்கும். மறைத்துக்கொண்டே விளிம்புவரை வந்துவிடும்.

இந்தத் தீவில் மலைக்கும் காட்டுக்கும் நடந்தவர்கள் பழக்கங்களை மறைத்தவர்கள் அல்லர். சிவனொளிபாத மலைக்குப் போகும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வழியில் ஊசிநூல் கட்டும் ஓரிடம் உண்டு. ஊசியில் கோத்த நூலை அங்கிருந்து விட்டுக்கொண்டே ஏறுவார்கள். உச்சியில், எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறார்களோ அத்தனை தடவை மணியை அடிப்பார்கள். முதல்முறை வந்த பிள்ளை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நிற்கும்போது, அது முதல்முறை என்று சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோகும். அந்தப் பிள்ளையைக் கவனமாகக் கீழே இறக்குவார்கள். உலர்வலயக் காடுகளுக்குள் போகும் சிங்கள கிராமத்தவர்கள் ஐயநாயக தெய்வத்தை நினைத்து ஓர் இலைக்கொத்தை ஒடித்து மரக்கிளையில் தொங்கவிட்டுப் போவார்கள். நம் ஐயனார்தான் அங்கே அந்தப் பெயரோடு காவல் நிற்கிறார். எங்கள் தோட்டங்களில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்து முதல் கொழுந்தைக் கூடையில் போடும் வழக்கம் இருந்தது. சரிவில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்தக் குரலால் மற்றவளைக் கண்டுகொள்வாள். தனியொரு ஆளின் விநோதமாகத் தொடங்கியிருக்கக்கூடிய ஒன்று, பலர் செய்ததும் வழிபாடாகியிருக்கிறது, வழக்கமாகியிருக்கிறது. முறிகண்டியில் நீங்கள் உடைத்த தேங்காயும் அதைப் போன்றதே.

உலகில் வேறிடங்களிலும் இப்படித்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை மூவாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. 1955ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி அதைத் தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். மலையேறும் சப்பாத்து இல்லை, கூடாரம் இல்லை. சாதாரணக் கன்வஸ் சப்பாத்து, தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. பார்க்கிறவர்களுக்கு அது விநோதம். அவருக்கு அதுவே நடக்கும் முறை. அந்தப் பாதையைத் தொடர்ச்சியாகத் தனியே நடந்து முடித்த முதல் பெண் என்ற பெயர் அவருக்கே கிடைத்தது.

திரும்பிப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று மாத்தளைக்காரியான நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்களில் வடக்கிலிருந்து வருகிறவர்களின் திசையிலிருந்துதான் எங்கள் முன்னோரும் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் கங்காணிகளின் பின்னால் வன்னிக் காடுகளை ஊடறுத்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். வழியில் தண்ணீர் இல்லை, உணவு போதவில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் கூட வந்தன. நடக்க முடியாமல் பின்தங்கியவர்கள் வழியிலேயே கைவிடப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாதையில் மாண்டார்கள். பிழைத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் கும்பிடும் அம்மன்தான் நீங்கள் தேநீர் குடிக்க நிற்கும் இடத்தில் கோபுரத்தோடு எழுந்தருளியிருப்பவள். அவர்கள் பிழைப்புக்காக நடந்தார்கள், நீங்கள் மகிழ்ச்சிக்காக நடக்கிறீர்கள். மகிழ்ச்சிக்காக நடக்கக் கிடைத்த தலைமுறை, பின்தங்கியவரை விட்டுவிட்டு உச்சிக்குப் போய்ப் படம் எடுக்கக்கூடாது. இந்த மாவட்டத்து மண்ணில் நின்று நான் உரிமையோடு கேட்பது இதுதான்.

சரி, எல்லாப் பழக்கங்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? முடியாது. ஒரு பழக்கம் உங்களோடு வந்து உங்களோடு போய்விட்டால் அது உங்களுடையது. நீங்கள் போன பிறகும் அது மலையில் தங்கிவிட்டால், அதன் சுமையை வேறொருவர் தாங்க வேண்டியிருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கல் அடுக்குவது. மங்கோலியாவில் மலைக்கணவாய்களில் கற்குவியலை மூன்று முறை சுற்றி வந்து தாங்களும் ஒரு கல் வைப்பது மரபு. அங்கே அந்தக் குவியலுக்கு ஓர் இடமும் வழிபாடும் இருக்கின்றன. நம் பிட்டவல பத்தனவிலோ பாறைமேல் படிந்திருப்பது மிக மெல்லிய மண். அங்கே கற்களுக்கடியிலும் ஈரப் பாறை வெடிப்புகளிலும் ஒரு சிறு தவளை வாழ்கிறது. நன்னோஃப்ரிஸ் மார்மோராட்டா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ரிவர்ஸ்டனும் அடங்கும் இந்த நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. வெடிப்புக்குள் நுழைவதற்கென்றே உடம்பு தட்டையாக அமைந்த உயிர். அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை, நீர் வழியும் பாறை முகத்தில் ஒட்டி வளர்கின்றன. படத்துக்காக நீங்கள் புரட்டிய கல் அதற்கு வீட்டுக்கூரை. நக்கிள்ஸ் மலைகள் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு, இப்படி வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கே இருப்பதும் காரணம்.

இரண்டாவது, பெயர் எழுதுவது. திரும்பும் வழியில் பலர் சீகிரியாவுக்கும் போகிறீர்கள். அங்கே கண்ணாடிச் சுவரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வந்து போனவர்கள் கவிதைகள் கீறி வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685 கவிதைகளைப் படித்தறிந்து 1956இல் நூலாக்கினார். நடந்து வந்த களைப்பில் தன் பெயரை எங்காவது பதிக்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது. ஆனால் அந்தப் பூச்சில் இனி ஒரு கீறலுக்கும் இடமில்லை. 2015இல் அந்தச் சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்த பிறகே அவள் வீடு திரும்பினாள். அவளைப் பற்றி அப்போது கேலியாகப் பேசியவர்கள் இருந்தார்கள். எனக்கு அவளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கூட வந்தவர்களில் ஒருவர் கையைப் பிடித்து "வேண்டாமடி" என்று சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். பெயர் எழுதும் ஆசை வந்தால் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வாருங்கள். எழுதி, திகதி போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, உச்சியில் கத்துவது. எதிரொலி கேட்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் சீகிரியாப் பாறையில் தொங்கும் பெரிய குளவிக் கூடுகள் கலைந்து எத்தனையோ தடவை பார்வையாளர்கள் கொட்டுப்பட்டு ஓடியிருக்கிறார்கள். அமைதி காக்கச் சொல்லும் பலகைகள் அங்கே இருப்பது அதனால்தான். மலைத் தோட்டங்களில் குளவிக்கொட்டு என்பது பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார்கள், சிலர் உயிரோடு திரும்புவதில்லை. எல்கடுவவிலோ கம்மடுவவிலோ மலைமேல் ஏறும்போது கீழே சரிவில் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டை முணுமுணுங்கள். ஒலிபெருக்கியை வானிலேயே விட்டுவிடுங்கள்.

இந்த மூன்றையும் விட்டால், மற்றவை எல்லாம் உங்களுக்கே. எண்ணுங்கள், தொடுங்கள், குச்சிக்குப் பெயர் வையுங்கள், மரத்திடம் சொல்லிக்கொண்டு போங்கள். இறங்கியதும் அந்தக் குச்சியைப் பாதை தொடங்கும் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் சிலரைக் கண்டிருக்கிறேன்; அடுத்து வருகிற வயதானவர் ஒருவர் அதை எடுத்து ஊன்றிக்கொள்கிறார். அது போன்ற பழக்கம் தங்கட்டும்.

அடுத்த முறை புறப்படும்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். வான் ரத்தோட்டையைத் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகத் தங்கள் பழக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "நான் பயந்தால் பேசிக்கொண்டே இருப்பேன்", "களைத்தால் பேசவே மாட்டேன்", "கயிறு கட்டக் குனிந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்" என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். சிரிப்பு வரும், வரட்டும். சொல்லிவிட்டுச் சேர்ந்து சிரிப்பதில் யாருக்கும் காயம் இல்லை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். நன்றாக நடக்கத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு வளைவிலும் தலைகளை எண்ணுங்கள். கயிறு கட்டக் குனிகிறவரைக் கண்டால், ஒன்றும் கேட்காமல் நீங்களும் நின்று தண்ணீர் குடியுங்கள். படம் எடுப்பதானால் அவருடைய அனுமதியோடு எடுங்கள்.

உச்சியைத் தொட்டவர்களைவிட, போன எண்ணிக்கை குறையாமல் திரும்பி வந்த கூட்டத்தைத்தான் நாங்கள் நல்ல கூட்டம் என்போம். அப்படி வந்து இறங்குங்கள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயோடு எங்கள் கடைகள் திறந்திருக்கும்.

அன்புடன்,
மாத்தளையிலிருந்து உங்கள் அக்கா